மணி அடிக்கும்போது முடிந்த பாடம்

அவளுக்கு 'அப்புறம் மகாராணி' என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். காரணம் இல்லாமல் வைக்கவில்லை. "துணியை மடிச்சு வைடி" என்றால் "அப்புறம்." "தலைக்கு எண்ணெய் வெச்சியா?" என்றால் "அப்புறம்." சின்ன வயதில் உள்ளங்காலில் முள் குத்தி, அம்மா ஊசியும் கையுமாக எதிரே வந்து உட்கார்ந்தபோதுகூட, "அப்புறம் எடுத்துக்கலாம்மா" என்று நொண்டிக்கொண்டே தெருவுக்கு ஓடியவள். போகப் போக 'அப்புறம்' உதிர்ந்து வெறும் மகாராணி மட்டும் நின்றுவிட்டது. கேட்கிறவர்கள் ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். வீட்டிலுள்ளவர்களும் வாயைத் திறக்கவில்லை.

சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சோம்பேறிக்குக் கவலை ஏது? போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவான். இவளுக்கு வண்டி வண்டியாகக் கவலை உண்டு. செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல், அதை நினைத்து நினைத்தே களைத்துப்போகிற ரகம் இவள். ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றால் முதலில் மேஜையைத் துடைப்பாள். பிறகு பேனாக்களை எழுதிப் பார்ப்பாள். பிறகு அலமாரியைக் கலைத்து அடுக்குவாள். எல்லாம் முடிந்து நாற்காலியில் உட்காரும்போது கொட்டாவி வந்துவிடும்.

இப்படிப்பட்டவள்தான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள். அங்கே சேர்ந்த புதிதில் நேர மேலாண்மை பற்றி ஒரு வகுப்பு எடுத்தார்கள். ஆசிரியர் ஆகப்போகிறவர் கடிகாரத்தோடு சண்டை போடக்கூடாது, கைகோத்து நடக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். மகாராணிக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ப் பெரிய சார்ட் காகிதமும் கலர் பேனாக்களும் வாங்கிவந்து, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அட்டவணை வரைய ஆரம்பித்தாள். எழுந்திருக்க ஒரு கலர், படிக்க ஒரு கலர், பஸ்ஸில் போகிற நேரத்துக்கு ஒரு கலர். வரைந்து முடிப்பதற்குள் அந்த வாரம் காணாமல் போயிற்று. படிக்க வேண்டிய பாடம் தொடாமல் கிடந்தது.

அண்ணன் வந்து சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தான். "அடேங்கப்பா! பல் தேய்க்கிறதுக்கு ஊதாவா? கொட்டாவி விடுறதுக்கு என்ன கலர்மா?" என்றான்.

"நீ வாயை மூடு" என்றாள் மகாராணி. ஆனால் முகம் சிவந்துவிட்டது. அந்த அட்டவணைப்படி அவள் ஒரு நாள்கூட எழுந்திருக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

கல்லூரியில் அவளுடைய தோழிக்குப் பட்டப்பெயர் மணிக்கூண்டு. ஆளும் உயரம், காரியமும் அப்படி. லெசன் பிளானின் ஓரத்தில் 'அறிமுகம் – இவ்வளவு நிமிஷம், கேள்விகள் – இவ்வளவு நிமிஷம்' என்று பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டு, அதன்படியே பாடம் நடத்திவிட்டு, கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மணி அடிக்கவைப்பாள். மணி அடிக்கிறவர் இவளைப் பார்த்துத்தான் அடிக்கிறார் என்று கல்லூரியில் ஒரு கேலி உண்டு. மகாராணி அவளுடைய தோளில் சாய்ந்துகொண்டு, "எனக்கும் கொஞ்சம் கடன் குடுடி உன் மூளையை" என்பாள். மணிக்கூண்டு நல்லவள். இவள் விட்ட குறிப்புகளை எல்லாம் தருவாள், திட்டிக்கொண்டேதான் தருவாள்.

பாடம் நடத்திப் பழகுவதற்காக இரண்டு பேரையும் ஒரே பள்ளிக்கு அனுப்பினார்கள். மகாராணிக்கு ஆறாம் வகுப்பு, அறிவியல். அந்த வகுப்பில்தான் தையல்காரர் மகள் இருந்தாள்.

அந்தச் சிறுமிக்குப் பேச்சு மெதுவாக வரும். திக்குவாய் இல்லை. ஒரு சொல்லைச் சொல்வாள், நிற்பாள், கண்ணை மேலே உயர்த்தி அடுத்த சொல்லைத் தேடுவாள், எடுத்து வருவாள், வைப்பாள். அதற்குள் கேட்டவர்கள் வேறு வேலை பார்க்கப் போயிருப்பார்கள். வகுப்பில் அவளுக்கு நத்தை என்று பெயர். ஆசிரியைகள் கெட்டவர்கள் இல்லை, ஆனால் அவர்களுக்குப் பாடம் முடிய வேண்டாமா? அவள் எழுந்து இரண்டு சொல் சொன்னதும், "சரி சரி, நீ சொல்ல வர்றது புரியுது, உட்காரு" என்பார்கள். மீதியைப் பக்கத்துப் பெண் சொல்லிவிடுவாள். அந்தப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒரு பதிலைக்கூட முழுசாகச் சொல்லி முடித்ததில்லை.

மகாராணிதான் முதன்முதலாக அவளைச் சொல்லி முடிக்க விட்டாள். அதில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. மகாராணிக்கு எதிலும் அவசரம் கிடையாது, அவ்வளவுதான். அன்றைக்கு ஏதோ கேள்வி கேட்டுவிட்டு, சிறுமி எழுந்ததும் மேஜையில் சாய்ந்து கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள். சொல் வந்தது, நின்றது, வந்தது. வகுப்பில் ஒருத்தன் உதவிக்கு வாயைத் திறந்தான். "நீ சும்மா இருடா, அவ சொல்லட்டும்" என்றாள். சிறுமி சொல்லி முடித்தாள். பதில் சரியான பதில். அதுவும் புத்தகத்தில் உள்ளபடி இல்லை, தானே யோசித்துக் கண்டுபிடித்த பதில்.

"அட! இவ்வளவு நல்லா சொல்றியே கண்ணு!" என்று மகாராணி மனதாரச் சொன்னாள். உட்காரும்போது அந்தப் பெண்ணுக்கு வாயெல்லாம் பல். அன்றிலிருந்து மகாராணி பள்ளிக்குள் நுழைந்தால் வாசலிலேயே வந்து பையை வாங்கிக்கொள்வாள். மகாராணிக்கும் அது பிடித்திருந்தது. எல்லோரிடமும் திட்டு வாங்குகிறவளுக்குத் தன்னைப் பார்த்ததும் ஒரு முகம் மலர்கிறது என்றால் கசக்குமா?

இந்த நேரத்தில்தான் செய்முறைத் தேர்வு வந்து சேர்ந்தது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடுவார். மகாராணி அதற்கு முந்தைய மாதிரித் தேர்வில் கோட்டை விட்டிருந்தாள். பாடம் பாதியில் நிற்கும்போதே மணி அடித்துவிட்டது. "நேரத்தைப் பங்கிடத் தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இதிலும் போனால் இன்னொரு வருஷம் முழுக்க மறுபடியும் உட்கார வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியில் சீட்டுப் பதியும் கவுண்டரில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க நோயாளிகளின் கத்தலைக் கேட்டுவிட்டு வந்து, இவளிடம் கத்தத் தெம்பில்லாமல், "ஏண்டி, இந்தத் தடவையாவது?" என்று மட்டும் கேட்டாள்.

தேர்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட பாடம், விதை முளைத்தல். ஏன் அதை எடுத்தாள்? சுலபமாக இருக்கிறது என்றுதான். ஒரு விதை, கொஞ்சம் ஈரம், முடிந்தது கதை! வகுப்பாசிரியை மட்டும், "படம் வரைஞ்சு காட்டினா பத்தாதும்மா. நிஜமான விதையையே காட்டணும். முதல் நாள் ஊறினது, வேர் விட்டது, முளை எழுந்தது, இலை விரிஞ்சதுன்னு வரிசையா வைக்கணும். இப்பவே ஆரம்பிச்சிடுங்க" என்றார்.

"ஆரம்பிச்சிடறேன் டீச்சர்" என்றாள் மகாராணி. ஆரம்பிக்கவில்லை. கட்டுரையாக இருந்தால் கடைசி நேரத்தில் கண்விழித்து எழுதித் தள்ளிவிடலாம். விதையை யார் மிரட்டுவது? அது ஊறுகிற நேரத்துக்கு ஊறும், முளைக்கிற நாளில் முளைக்கும். தேர்வு அடுத்த வாரம் என்று மணிக்கூண்டு நினைவூட்டியபோதுதான் இது மகாராணிக்கு உறைத்தது. வீட்டுக்குப் போய் ஊறவைக்கலாம், ஆனால் தினமும் மறக்காமல் ஒரு கப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும். தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

பையை வாங்க வந்து நின்ற தையல்காரர் மகளைப் பார்த்தாள். சட்டென்று யோசனை வந்தது.

"கண்ணு, எனக்குத் தலைக்கு மேல வேலை. ஒரு உதவி செய்வியா? கண்ணாடி மாதிரி இருக்குமே, அந்தக் கப்புல ஈரப் பஞ்சு வெச்சு, தினமும் ஒரு அவரை விதை போட்டு வளர்த்துக் கொண்டாந்து தர்றியா?"

சிறுமி தலையாட்டினாள். பிறகு, "எதுக்கு... டீச்சர்?" என்றாள்.

"பரீட்சைக்கு. கொண்டு வந்தேன்னா, அன்னிக்கு நீதான் எல்லார் முன்னாடியும் நின்னு, எந்தக் கப்புல என்ன நடந்திருக்குன்னு சொல்லணும். வேற யாரும் இல்ல. நீதான்."

அந்தப் பெண்ணின் கண் அகலமானது. "முழுசா... நானே... சொல்லலாமா?"

"முழுசா நீயேதான்!"

மகாராணி அதை ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. சொல்லும்போது மனசு வைத்துத்தான் சொன்னாள். பிறகு நடந்ததை நினைக்கும்போது அதுதான் அவளுக்கு இன்னும் கேவலமாகப் பட்டது.

தேர்வுக்கு முந்தின நாள் ஒத்திகை. மணிக்கூண்டு கடைசி பெஞ்சில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தாள். பாடம் நன்றாகத்தான் போனது. நடுவில் சிறுமியை அழைத்தாள் மகாராணி. அவள் முன்னால் வந்து, கப் எதுவும் இல்லாமலே வெறும் மேஜையைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். "இது... முதல் கப். இதுல... விதை... தண்ணியைக் குடிச்சு... உப்பியிருக்கு." கண்ணை உயர்த்தி, தேடி, எடுத்து, வைத்து, ஒவ்வொரு கப்பாகப் போனாள். மகாராணிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மணியும் அடித்தது. பாடத்தின் கடைசிப் பகுதியும் கரும்பலகைச் சுருக்கமும் அப்படியே நின்றன.

பிள்ளைகள் போன பிறகு மணிக்கூண்டு கடிகாரத்தைக் காட்டினாள். "பாத்தியா? பாதி நேரம் அந்தப் பொண்ணே சாப்பிட்டுட்டா. போன தடவை எதுல போச்சு உனக்கு?"

"அவ எவ்வளவு நல்லா சொன்னா..."

"சொன்னா. நான் இல்லேங்கலை. ஆனா எக்ஸ்டர்னல் உனக்குத்தான் மார்க் போடப் போறார், அவளுக்கு இல்ல. அவளை எடுத்துடு. முன் பெஞ்சுல இருக்காளே, பட்பட்டுன்னு பேசற பொண்ணு, அவகிட்ட குடு. கரெக்டா முடியும்."

"அவகிட்ட நான் சொல்லிட்டேனேடி."

"அப்போ அடுத்த வருஷமும் இதே பாடத்தை நடத்து" என்று மணிக்கூண்டு பையை எடுத்துக்கொண்டாள். வெடுக்கென்று சொன்னாலும் பொய் சொல்லவில்லை. அதுதான் வினை.

வாழ்க்கையில் முதல்முறையாக மகாராணி அன்று ஒரு வேலையைத் தள்ளிப்போடாமல் செய்தாள். வீட்டுக்குப் போன கையோடு உட்கார்ந்து, லெசன் பிளானின் ஓரத்தில் நிமிஷக் கணக்கு எழுதி, தையல்காரர் மகளுக்கு வைத்திருந்த இடத்தை அடித்துவிட்டாள். அடித்ததை அந்தப் பெண்ணிடம் சொல்வதை மட்டும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள்.

மறுநாள் காலையில் பள்ளிக்குள் நுழையும்போதே வாசலில் தையல்காரர் நின்றுகொண்டிருந்தார். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே வந்திருந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உள்ளே வரிசையாகக் கப்புகள். கடைசிக் கப்பில் இரண்டு இலை விரிந்து நின்றது. பக்கத்தில் மகள், எண்ணெய் தடவி இழுத்துச் சீவிய தலையும், மடிப்புக் கலையாத சீருடையுமாக.

"பஸ்ஸுல வந்தா ஆடிப்போயிடும்னு நடந்தே வந்துட்டோம் டீச்சர்" என்றார். "ஒரு வாரமா வீட்டுல இதே பேச்சுதான். தைச்சுக்கிட்டிருக்கறப்போ எதிர்ல வந்து நின்னு, அப்பா கேளு, அப்பா கேளுன்னு சொல்லிக் காட்டிக்கிட்டே இருக்கா. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. இன்னிக்கு அரை நாள்தானே? நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரிங்க" என்றாள் மகாராணி. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். 'மன்னிச்சிடு கண்ணு, நேரம் பத்தலை, இன்னொரு நாள் சொல்லலாம்' என்றால் அந்தப் பெண் என்ன, அடித்துவிடவா போகிறாள்? ஆனால் அழுதுவிட்டால்? வகுப்பில் உட்கார்ந்து, எப்போது கூப்பிடுவார்கள் என்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால்? கையை உயர்த்தினால்? தேர்வாளர் அவளைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றுவிட்டால்? நேரம் போய்விடுமே! மகாராணியின் மூளை அன்று மணிக்கூண்டின் மூளையைவிட வேகமாக ஓடியது.

சிறுமி வகுப்பில் பையை வைத்துவிட்டு வந்ததும், அவளைக் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனாள். மூலையில் நூலக அறை. அறை என்று பேர்தான். இரண்டு அலமாரி, ஒரு பெஞ்சு, ஒரு உடைந்த உலக உருண்டை. யாரும் வருவதில்லை.

"கண்ணு, நீ சொல்றது பாடத்தோட கடைசியில வருது. அதுவரைக்கும் இங்க உட்காரு. முன்னாடியே உன்னைப் பாத்துட்டா சுவாரசியம் போயிடும். நான் வந்து கூப்பிடறேன். நான் வர்ற வரைக்கும் எங்கேயும் போகக் கூடாது, என்ன?"

"சரி... டீச்சர்" என்று பெஞ்சின் நுனியில், எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்துகொண்டது அந்தப் பெண்.

படியிறங்கும்போது வகுப்பாசிரியை எதிரே வந்தார். "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார்.

"தையல்காரர் பொண்ணு மட்டும் லீவு டீச்சர்" என்றாள் மகாராணி. தங்குதடை இல்லாமல் வந்தது பொய். தன் வாயா இது என்று அவளுக்கே திக்கென்றது.

பாடம் எப்படிப் போனது என்கிறீர்கள்? அருமையாகப் போனது. நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும் அவளுக்கு, அவ்வளவு அருமை. அறிமுகம் வேண்டிய நேரத்தில் முடிந்தது. கேள்விகள் பந்து மாதிரி போயின, பதில்கள் பந்து மாதிரி திரும்பின. முன் பெஞ்சுப் பெண் கப்புகளைக் காட்டிப் பட்பட்டென்று ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தாள். ஊறின விதையை வேர் விட்டது என்று மாற்றிச் சொன்னாள். திருத்த நேரமில்லை. மகாராணி புன்னகையோடு தாண்டிப் போனாள். கரும்பலகைச் சுருக்கத்தின் கடைசி எழுத்தை எழுதிச் சாக்பீஸைக் கீழே வைத்தபோது மணி அடித்தது.

தேர்வாளர் எழுந்து முன்னால் வந்தார். நரைத்த மீசைக்காரர். கப்புகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஒவ்வொரு நாளும் ஒண்ணு. ஒரு நாள்கூடத் தவறலை. யார் வளர்த்தது இதெல்லாம்?"

முன் வரிசையில் ஒரு பையன் வாயைத் திறந்தான். காலையில் வாசலில் அவன் பெட்டியைப் பார்த்திருந்தான். மகாராணி முந்திக்கொண்டாள்.

"நான்தான் சார். தினமும் ஒரு விதை ஊற வெச்சேன்."

பையன் வாயை மூடிக்கொண்டான். அவளை ஒரு பார்வை பார்த்தான்.

அன்று மதியம் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கூட்டம். பயிற்சி மாணவர்கள், வகுப்பாசிரியைகள், தேர்வாளர் எல்லோரும் பள்ளியின் பெரிய கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தேர்வாளர் பொதுவாகக் குறை நிறை சொல்லிக்கொண்டே வந்து, மகாராணியிடம் நின்றார்.

"இந்தப் பொண்ணு பாடத்தைப் பார்த்தேன். சரியா மணி அடிக்க முடிச்சாங்க. அது பெரிசில்ல. பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னாடியே திட்டம் போட்டு, தினமும் ஒரு விதையா வளர்த்திருக்காங்க. நேர மேலாண்மைன்னு புத்தகத்துல படிக்கிறோமே, அது இதுதான். எழுந்து நாலு வார்த்தை சொல்லும்மா, மத்தவங்களுக்கு உதவியா இருக்கும்."

மணிக்கூண்டு அவளை முழங்கையால் இடித்தாள். "போடி மகாராணி, போ!" அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம். கப்புகளை வளர்த்தது யார் என்று அவளுக்குத் தெரியாது.

மகாராணி எழுந்தாள். கூச்சமாகத்தான் இருந்தது முதலில். ஆனால் இத்தனை வருஷமாக நேரத்தைப் பற்றித் திட்டு மட்டுமே வாங்கியவளை இத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பேசப் பேசச் சூடு பிடித்தது. "பெரிய வேலையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுக்கணும்" என்றாள். "ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது" என்றாள். கேளுங்கள் அநியாயத்தை! "எனக்கு வீட்டுல கலர் கலரா ஒரு அட்டவணை இருக்கு" என்றுகூடச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். சத்தம் கூடத்தைத் தாண்டிப் போயிருக்கும். மணிக்கூண்டு மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினாள்.

கைதட்டல் ஓய்ந்தபோது வகுப்பாசிரியை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பள்ளிப் பை.

"வகுப்பைப் பூட்டப் போனேன். இது பெஞ்சுக்கடியில கிடந்துச்சு" என்றார். "அந்தத் தையல்காரர் பொண்ணோட பை மாதிரி இருக்கு. லீவுன்னு சொன்னீங்களே? உள்ள சாப்பாட்டு டப்பாகூடத் திறக்காம இருக்கு."

மகாராணி அந்தப் பையையே பார்த்தாள்.

மறந்துவிட்டாள். வஞ்சகம் எதுவும் இல்லை, சுத்தமாக மறந்துவிட்டாள். பாடம் முடிந்ததும் ஓடிப்போய் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தாள். பாராட்டு வந்த மயக்கத்தில் அந்தப் பெண் ஒருத்தி மேலே இருக்கிறாள் என்பதே நினைவிலிருந்து போய்விட்டது. பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு படியேறி ஓடினாள்.

சிறுமி அதே பெஞ்சில், அதே நுனியில் உட்கார்ந்திருந்தாள். புத்தகம் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. கூப்பிட்டால் உடனே எழுந்திருக்க வேண்டுமே. ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் நகரவில்லை. டீச்சர் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே.

"கண்ணு..." என்றாள் மகாராணி.

சிறுமி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "முடிஞ்சிடுச்சா... டீச்சர்?"

"முடிஞ்சிடுச்சு."

"நல்லா... நடந்துச்சா?"

மகாராணி தலையை ஆட்டினாள். சிறுமி கண்ணை உயர்த்தி அடுத்த சொல்லைத் தேடினாள். மகாராணி காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியவில்லை அவளால்.

"நான்... வந்திருந்தா... நேரம்... பத்தாம... போயிருக்கும்ல... டீச்சர்?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. உட்கார்ந்து உட்கார்ந்து யோசித்துத் தானாகவே கண்டுபிடித்த பதில். வழக்கம்போலச் சரியான பதில். மகாராணி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பதினோரு வயதுப் பெண்ணுக்கு முன்னால் இப்படிக் கூனிக் குறுகிப் போவோம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"இப்ப சொல்லும்மா" என்றாள். "எனக்குச் சொல்லு. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் கேக்கறேன்."

சிறுமி யோசித்தாள். "வேணாம்... டீச்சர்" என்றாள். "பசிக்குது."

மகாராணி பையை அவள் தோளில் மாட்டிவிட்டு, கையைப் பிடித்து மெதுவாகப் படியிறக்கிக் கூட்டிவந்தாள். கூடத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். தேர்வாளர் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொல்லலாம், கப்பு நான் வளர்த்ததில்லை என்று. கால் அந்தப் பக்கம் திரும்பியது. ஆஸ்பத்திரிக் கவுண்டரிலிருந்து திரும்பிவந்து வாசலில் நிற்கப் போகும் அம்மாவின் முகம் குறுக்கே வந்தது. வண்டி புறப்பட்டுப் போய்விட்டது. மகாராணி நின்ற இடத்திலேயே நின்றாள்.

வாசலில் தையல்காரர். எத்தனை நேரமாக நிற்கிறாரோ, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மகளைப் பார்த்ததும் இரண்டு எட்டு முன்னால் வந்தார். முகம் பூரித்திருந்தது.

"காவல்காரர் உள்ள மீட்டிங்னு சொன்னார், அதான் கூப்பிடாம நின்னுட்டேன். கை தட்டற சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு! எவ்வளவு நேரம் தட்டினாங்க!" மகளின் தோளைப் பிடித்துக் குனிந்தார். "உனக்குத்தானே அது? முழுசா சொன்னியா?"

மகாராணி வாயைத் திறந்தாள். சொல்லிவிடத்தான் திறந்தாள். அதற்குள் அந்தப் பெண் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"ஆமாம்பா, முழுசா சொன்னேன்" என்றாள். நிற்கவில்லை, தேடவில்லை. ஒரே மூச்சில் வந்தது.

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மகாராணியின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "இவ பேசி முடிக்கற வரைக்கும் காத்திருக்க யாருக்கு டீச்சர் நேரம் இருக்கு? நீங்க இருந்தீங்க. இதை நாங்க மறக்கவே மாட்டோம்."

மகளிடமிருந்து பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துத் தெருவில் நடந்தார். தான் உண்மையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டது குழந்தைக்காகவா, தனக்காகவா என்று மகாராணி தன்னையே கேட்டுக்கொண்டாள். தனக்காகத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. இருவரும் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை.